அம்மா விழுந்தால் தரை சொல்லுமா?

போன மாதம் ஓர் அம்மாள் கால் வலிக்குத் தைலம் கேட்டு வந்தார். வயது 76. தனியாக இருப்பவர். ஒருநாள் இரவு 10 மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலையில் பால்காரர் கதவைத் தட்டும்வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை. ஆனால் இடுப்பில் புண், நெஞ்சில் சளி, சிறுநீர் டிகாக்ஷன் நிறம். உடம்பின் பாரமே தசையை நசுக்கி, அந்தக் கழிவு சிறுநீரகத்துக்குப் போனால் இப்படித்தான் ஆகும். விழுவதைவிட, விழுந்து கிடப்பதுதான் ஆபத்து!

மகன் வெளிநாட்டில். "வீடு முழுக்க காமிரா வெச்சுடலாமா டாக்டர்?" என்று போனில் கேட்டார். அம்மாளோ, "நான் புடவை மாத்தறதைக்கூட அவன் பார்க்கணுமா?" என்று பொரிந்து தள்ளிவிட்டார். நியாயம்தானே?

காமிரா இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. நாம் நடந்தால் தரை லேசாக அதிரும். பூமிக்கடியில் எண்ணெய் தேடுகிறவர்கள் 'ஜியோபோன்' என்றொரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள். உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும்தான். அதிர்வை மின்சாரமாக மாற்றிக் காட்டும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதைத் தரையில் வைத்து, காலடி அதிர்வைக் கொண்டே நடப்பவர் யாரென்று பிரித்தறிந்தார்கள். 2009-ல் இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் தரை அதிர்வோடு மைக்கில் கேட்கும் ஓசையையும் சேர்த்துக்கொண்டார்கள். மனித உருவப் பொம்மையை விழவைத்துப் பார்த்ததில், கருவி நூற்றுக்கு 97.5 முறை சரியாகக் கண்டுபிடித்தது.

'சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?' என்பீர்கள். எங்கள் எண்வகைத் தேர்வில் நாடியும் உண்டு, மொழியும் உண்டு. மூன்று விரலை வைத்து அதிர்வைத்தான் பார்க்கிறோம். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே 'நாடி நடை'. மொழி என்பது நோயாளியின் குரல். ஆகவே இந்தக் கருவி எனக்கு அந்நியமாகப் படவில்லை.

ஆனால் சந்தேகம் உண்டு. பொம்மை தடாலென்று விழும். வயதானவர்கள் எல்லோரும் அப்படியா விழுகிறார்கள்? சுவரைப் பிடித்து, மெல்லச் சரிந்து, அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். அதில் என்ன பெரிய அதிர்வு வரும்? மரத்தளம் நன்றாக அதிரும். நம் வீட்டுக் கான்கிரீட், மொசைக் தரை அவ்வளவு அதிராது.

என்னைக் கேட்டால், விழுந்த பிறகு மணி அடிப்பதைவிட, விழுவதற்கு முன் நடையைக் கவனிக்கத்தான் இது அதிகம் உதவும். 34,485 முதியவர்களின் விவரங்களைத் தொகுத்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, வேகமாக நடப்பவர்கள் அதிக நாள் வாழ்வதைக் காட்டியது. அம்மாவின் நடை இரண்டு மாதத்தில் தளர்ந்தால் காரணம் தேடலாமே! கண் மங்கலா, சர்க்கரையால் பாதம் மரத்துவிட்டதா, தூக்க மாத்திரையா, பிரஷர் மாத்திரை சாப்பிட்டு எழும்போது கிறுகிறுப்பா? பாதிக்கு மேல் சரிசெய்யக் கூடியவைதான்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். படம் எடுக்காவிட்டாலும் இதுவும் வேவுதான். ராத்திரி எத்தனை தடவை எழுந்தார், வீட்டுக்கு யார் வந்தார் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்துவிடும். அம்மாவைக் கேட்காமல் வைக்காதீர்கள். "வயசானவங்களுக்கு என்ன தெரியும்" என்ற பேச்சே வேண்டாம்.

இன்னொன்று: ராத்திரி 2 மணிக்கு வெளிநாட்டில் மகன் போனில் அலாரம் அடிக்கிறது. சரி, இங்கே கதவைத் திறப்பது யார்?

அந்த அம்மாள் வீட்டில் முதலில் குளியலறை உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். சுவரில் பிடிகம்பி போட்டாயிற்று. ஒரு சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. கருவி விஷயமாக அம்மாவும் பிள்ளையும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாராம்: பூஜை அறையில் மட்டும் வைக்கக்கூடாது!