பாடாமல் விட்ட பாத்திரங்கள்

1990 ஜூலை 7 அன்று, உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டிக்கு முந்தைய இரவில், ரோம் நகரின் கராகல்லா குளியல்மண்டப இடிபாடுகளுக்கு நடுவே லூச்சியானோ பவரொட்டி, பிளாசிடோ டொமிங்கோ, ஹோசே கரேரஸ் மூவரும் ஒரே மேடையில் பாடினார்கள். ஜுபின் மேத்தா இசை நடத்தினார். செவ்வியல் இசைத்தட்டு ஒன்று அதுவரை விற்றிராத அளவுக்கு அந்த நிகழ்ச்சியின் பதிவு விற்றது. டெனர், அதாவது உச்சஸ்தாயி ஆண்குரல் பாடகர், என்றால் அந்த மூவர்தான் என்று உலகம் அன்றிலிருந்து பழகிக்கொண்டது. அவர்களில் எவருக்கும் சளைக்காத இன்னொருவர் அப்போது 62 வயதிலும் ஓபரா அரங்குகளில் முழு இரவும் பாடிக்கொண்டிருந்தார். அல்ஃபிரெடோ கிராவுஸ். அவரைப் பற்றி இங்கே எழுதக் காரணம் அவர் பாடியவை மட்டுமல்ல, பாட மறுத்தவையும்தான்.

கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸில் 1927இல் பிறந்தவர். தந்தை ஆஸ்திரியர், தாய் ஸ்பானியர். தொழிற்பொறியியல் படித்த பிறகுதான் குரலை நம்பி மிலானுக்குப் போய்க் குரலாசிரியை மெர்செதெஸ் யோபார்ட்டிடம் பாடம் கேட்டார். 1956இல் கெய்ரோவில், வெர்டியின் 'ரிகொலெத்தோ'வில் டியூக்காக முதல் மேடை. இரண்டே ஆண்டில் லிஸ்பனில் புகழ்பெற்ற பாடகி மரியா கல்லாஸுக்கு எதிரே 'லா த்ராவியாத்தா'வின் அல்ஃப்ரெதோ. அப்போது அவருக்கு வயது 30. அந்த இரவின் ஒலிப்பதிவு பல ஆண்டுகள் ரசிகர்களிடையே கள்ளத்தனமாகக் கைமாறியது. பிறகு முறையாக வெளியானது. நாடகாசிரியர் டெரன்ஸ் மெக்னாலி அதன் பெயரிலேயே ஒரு நாடகம் எழுதினார். 1959இல் லண்டனின் கோவென்ட் கார்டன், 1960இல் மிலானின் லா ஸ்காலா, 1966இல் நியூயார்க் மெட்ரோபாலிடன். கதவுகள் எல்லாம் திறந்தாயிற்று.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான டெனர்கள் வழி மாறுகிறார்கள். மென்குரல் டெனருக்குப் பேர் வந்ததும், கனமான பாத்திரங்களைக் கொடுக்க அரங்குகள் வரிசையில் நிற்கும். வெர்டியின் ராதமேஸ், புச்சினியின் கலாஃப் எல்லாம் தடித்த ஆர்கெஸ்ட்ராவைக் கிழித்துக்கொண்டு வரவேண்டிய பாத்திரங்கள். கைதட்டலும் அங்கேதான் அதிகம். டெனர் ஜியூசெப்பே தி ஸ்தெஃபானோவின் குரலைப்போல அழகான குரல் அந்தத் தலைமுறையில் அபூர்வம். அவர் கனமான பாத்திரங்களைத் தேடிப் போனார். 1960களின் தொடக்கத்திலேயே, நாற்பதை ஒட்டிய வயதில், அந்தக் குரல் உடைந்துகொண்டிருந்தது.

கிராவுஸ் அந்த வழியில் போகவில்லை. பெல்லினி, தொனிசெத்தி, வெர்டியின் மென்மையான பாத்திரங்கள், மசெனே, கூனோ ஆகியோரின் பிரெஞ்சு ஓபராக்கள் என்று எல்லையை வகுத்துக்கொண்டார். 'லா போஎம்' இசைத்தட்டுக்குப் பாடியிருந்தாலும், மேடையில் புச்சினியை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்தார். மசெனேயின் ஒரே வெர்தரை, வெர்டியின் ஒரே டியூக்கை, தொனிசெத்தியின் ஒரே எட்கார்தோவைப் பல பத்தாண்டுகள் டோக்கியோ முதல் சிகாகோ வரை மறுபடி மறுபடி பாடினார். சிலர் இதைக் குறுகல் என்றார்கள். ஒன்றையே அவ்வளவு காலம் தோண்டிப் பார்க்கிற துணிவு விரிவைவிட அரிது என்பதே எங்கள் கருத்து.

அவருடைய நுட்பத்தையும் சொல்ல வேண்டும். ஓபராவில் மைக் கிடையாது. அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டி ஒரு மனிதக் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டாக வேண்டும். உரத்துக் கத்தினால் முடியாது. ஆர்கெஸ்ட்ராவின் ஒலிவலிமை 500 ஹெர்ட்ஸ் அருகே மிகுந்து, மேலே போகப்போகக் குறையும். பயின்ற குரல் 3000 ஹெர்ட்ஸ் அருகே தன் ஆற்றலைக் குவித்து அந்த இடைவெளி வழியே புகுந்துவிடுகிறது. கிராவுஸ் இதற்குக் கையாண்ட வழி 'இ' என்ற உயிர். அந்த உயிரின் கூர்மையை மற்ற உயிர்களுக்கும் ஏற்றி, ஒலியை முகத்தின் முன்பகுதியில் நிறுத்தினார். 'ரிகொலெத்தோ'வில் பல அரங்குகள் வெட்டிவிடும் டியூக்கின் இரண்டாம் பாடல்பகுதியைப் பாடி, கடைசியில் மேல் ரி ஸ்வரம் வரை ஏறினார். ஏறியது தெரியாமல் ஏறுவார். கழுத்து புடைக்காது, வாக்கியம் உடையாது.

அந்தக் குரலில் பவரொட்டியின் தேன் இல்லை, உண்மை. கொஞ்சம் உலர்ந்தது, மூக்கொலி கலந்தது. முதல் முறை கேட்பவரை வசப்படுத்தாது. ஆனால் வெர்தரின் துயரத்தை ஒரு விம்மல்கூடச் சேர்க்காமல், மூச்சின் நீளத்தாலும் சொல்லின் தெளிவாலும் மட்டுமே கொண்டுவருகிறாரே, அதற்கு ஈடு எங்களுக்குத் தெரிந்து வேறில்லை.

இந்தக் கறாருக்கு அவர் விலையும் கொடுத்தார். மூவருக்கும் அமைந்த அளவு இசைத்தட்டுகள் அவருக்கு அமையவில்லை. வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகவும் ஆகவில்லை. கலைஞனை அவனுடைய எல்லையில் நிறுத்தி மதிக்கத் தெரியாத விளம்பர உலகின் குற்றம் அது, அவருடைய குற்றமல்ல.

1986இல் பாரிஸில் தொனிசெத்தியின் 'படைப்பிரிவின் மகள்' ஓபராவில், பாடகி ஜூன் ஆண்டர்சனுடன், தோனியோவாக நின்றபோது அவருக்கு வயது 58. இளைஞர்களே அஞ்சும் ஒன்பது மேல் ஸ ஸ்வரங்கள் கொண்ட பாடல் அந்தப் பாத்திரத்துக்கு. ஒன்பதும் முழுசாக வந்தன. காணொளி இருக்கிறது. எழுபதை ஒட்டிய வயதிலும் மேடையில் இருந்தார். 1999 செப்டம்பர் 10 அன்று மாட்ரிட்டில் காலமானார்.

வாசகர்கள் முதலில் அந்தப் பாரிஸ் பதிவைப் பாருங்கள். பிறகு லிஸ்பனின் 1958 இரவைக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே 28 ஆண்டுகள். குரல் ஒன்றேதான்.