உழைப்பில் பங்கு, உடைமையில் இல்லையா?

பெண்ணை அடுக்களையிற் பூட்டுதலே தமிழ்மரபு எனப் பிதற்றுவார் இன்றும் உளர். அன்னார் கழகநூல்களைக் கற்றிலர். முப்பதின் மேற்பட்ட மகளிர் அவற்றுட் பாடியுள்ளனர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். தினைப்புனம் காத்தவளும், பஞ்செடுத்து நூல் நூற்றவளும், உப்பும் மீனும் விற்றவளும் பெண்ணே. பந்தாடியும் அலவனாட்டியும் புனல்பாய்ந்தும் அவள் உரம் பெற்றாள். அவளை அடைத்துவைத்தது பின்வந்த மனுநெறி.

கோவையில் 1888இல் பஞ்சாலை தோன்றிற்று. 1932இல் பைக்காரா மின்விசை பிறந்தபின் ஆலைகள் பெருகின. சூழ்ந்த சிற்றூர்ப் பெண்கள் அவற்றுட் புகுந்து உழைத்தனர். இன்றும் துடியலூரில் விடியற்காலையிற் பேருந்துக்கு நிற்போருள் மகளிர் பலர். அவர்தம் கூலியால் வீடு எழுகின்றது, நிலம் வாங்கப்படுகின்றது. ஆவணமோ ஆண்மகன் பெயரில்!

பெண்ணுக்குச் சொத்தில் ஒத்த பங்கு வேண்டுமெனச் செங்கற்பட்டுத் தன்மான இயக்க மாநாடு முடிவெடுத்தது 1929இல். தமிழ்நாட்டுச் சட்டம் அதனை ஏற்றது 1989இல். இடையிற் கழிந்தவை 60 ஆண்டுகள்! இந்திய ஒன்றியமோ 2005இல்தான் விழித்தது. சட்டம் வந்தும் என்ன? "சீர் செய்தாயிற்று" என்று கூறி மகளிடம் விடுதலை ஆவணத்தில் ஒப்பம் வாங்கும் வழக்கம் கொங்குநாட்டில் ஒழிந்தபாடில்லை.

தனித்தமிழுக்கு அகரவரிசை தொகுத்தளித்தவர் நீலாம்பிகையம்மையார். 1938இல் இந்தியை எதிர்த்துக் கைக்குழந்தையொடு சிறைபுக்கவரும் மகளிரே. அவர் காத்த மொழியிற் பேசி, அவர்தம் பெண்மக்களின் பங்கைப் பறித்தல் தமிழர்க்கு அறமாகுமா? தாய்மொழிக்கு உரிமை கேட்போர் முதலில் தம் மகளுக்கு அதனை வழங்குக!