அடுப்படியில் யாருக்கு இடம்?

ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் இடங்களில் ஓயாத முறையீடு ஒன்று உண்டு. “நான் தினந்தோறும் கையாளும் புரோகிராமை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைத்தால் என்ன? கூப்பிட்டவுடன் வந்து நிற்குமே!” என்பதே அது. இவ்விண்ணப்பத்தை எளிதில் அனுமதிக்கலாகாது என்பது நமது அபிப்பிராயம்.

கல்யாண வீட்டுச் சமையலை நேயர்கள் பார்த்திருப்பார்கள். பண்டங்கள் யாவும் உக்கிராணத்தில் இருக்கும். அந்த வேளைக்கு வேண்டியவை மாத்திரம் அடுப்படிக்கு வரும். கம்ப்யூட்டரில் டிஸ்க் உக்கிராணம், நினைவகம் அடுப்படி. மாலையில் வேண்டியிருக்கும் என்று ஒருவர் தம் அண்டாவை அடுப்படியிலேயே நிறுத்திவிட்டால், பாயஸத்துக்கு இடம் ஏது?

இத்தகராறு புதிதன்று. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களுடைய பி.டி.பி. 11/45 யந்திரத்தின் நினைவகம் 144 கிலோபைட். யூனிக்ஸே அதில் 42-ஐ எடுத்துக்கொண்டது. எஞ்சிய 102-ல் அத்தனை பேரும் குடித்தனம் செய்தாக வேண்டும்! ஆகவே, பத்துப் பேர் ஒரே புரோகிராமை நடத்தினாலும், பொதுவாகப் பகிரும்படி அமைத்த அதன் கட்டளைப் பகுதிக்கு ஒரே பிரதிதான். அவரவர் விஷயத்துக்கு மட்டும் தனி இடம். கடைசி ஆள் வேலையை முடித்ததும் அப்பிரதியும் அகன்றுவிடும்.

அடுத்து வருபவரின் தாமதத்தைக் குறைக்கக் கண்ட உபாயம் ‘ஸ்டிக்கி பிட்’. ஒட்டிக்கொள்ளும் குறி என்னலாம். இக்குறி பெற்ற புரோகிராமின் கட்டளைப் பகுதி, ஆளில்லாத போதும் டிஸ்க்கில் ‘ஸ்வாப்’ என்னும் தனியிடத்தில் தங்கியிருக்கும். அது அடுப்படியன்று, அதை ஒட்டிய தாழ்வாரம். சிதறிய துண்டுகளைத் தேடாமல் அங்கிருந்து ஒரே வாரியாக உள்ளே இழுத்துவிடலாம்.

நாம் மெச்சுவது இந்த வேகத்தையன்று. குறியிடும் அதிகாரம் நிர்வாகிக்கு மட்டுமே இருந்தது. 1979-ல் வந்த ஏழாவது பதிப்பின் கையேடு காரணத்தையும் கூறுகிறது: இதனால் ஸ்வாப் இடம் செலவாகிறது; ஆதலால் மிகுதியாகக் கையாளப்படும் கட்டளைகளுக்கே இது தகும். தொல்லையும் இருந்தது. புதிய பதிப்பை வைக்க வேண்டுமானால், குறியை நீக்கி, பழையதை ஒருமுறை ஓட்டி முடித்துத் தாழ்வாரத்திலிருந்து வெளியேற்றிய பிறகே புதியதைக் குடியேற்ற முடியும்!

இன்றைய லினக்ஸ், புரோகிராம்களின் மேலுள்ள இக்குறியைப் பொருட்படுத்துவதில்லை. டிஸ்க்கில் வாசித்ததைக் காலி நினைவகத்தில் தானே வைத்துக்கொண்டு, வேறொருவர் இடம் கேட்டால் விட்டுக்கொடுக்கிறது. காலையில் ஒருவர் திறந்த புரோகிராம் அடுத்தவருக்கு விரைவில் திறப்பது இதனால்தான்.

அப்படியிருந்தும், ஒருவர் உள்ளே நுழைந்தவுடன் தாமாகவே கிளம்பிக் காத்திருக்கும் புரோகிராம்கள் பெருகிவிட்டன. தனி மனிதரின் யந்திரத்தில் அது அவர் பாடு. நாற்பது பேர் கூடும் யந்திரத்தில் ஆளுக்கு 200 மெகாபைட் சொந்தப் பகுதி என்று வைத்துக்கொண்டால், 8,000 மெகாபைட் போயிற்று. கட்டளைப் பகுதி பொதுவாயிருந்தும் பயனில்லை. நினைவகம் நிரம்பி, யந்திரம் அடுப்படிக்கும் தாழ்வாரத்துக்குமாக அலையத் தொடங்கினால், மெய்யாகவே வேலை செய்பவர்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இவற்றை நிறுத்திவைக்கும் நிர்வாகியைக் கொடுங்கோலர் என்பாருடன் நாம் சேரமாட்டோம்.

பழைய குறி இறந்துவிடவில்லை. 1986-ல் வெளியான 4.3 பி.எஸ்.டி. அதற்கு வேறு உத்தியோகம் கொடுத்தது. எல்லாரும் எழுதக்கூடிய பொது அடைவின் மேல் நின்று, ஒருவர் வைத்த கோப்பை மற்றவர் அழித்துவிடாமல் இன்றும் அது காவல் புரிகிறது.