ஃபேன்டஸி ஹாக்கி: காயம்பட்டவன் விலையும் நாலு பேர் ஓட்டும்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிடறேன். ரெண்டு பேர் பேசி முடிச்ச ட்ரேடை மத்தவங்க ஓட்டுப் போட்டு ரத்து பண்ணலாம்னு விதி இருக்கிற ஃபேன்டஸி லீக்ல இனிமே நான் சேர்றதா இல்லை. டொராண்டோ பக்கம் நம்மாளுங்க சில பேர் அவங்களே ஒரு ஹாக்கி லீக் ஆரம்பிக்கப் போறாங்களாம், "விதியெல்லாம் எப்படி வைக்கலாம்?"னு கேட்டாங்க. போன்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம் பேசறதுக்கு, மொத்தமா எழுதிப் போட்டுட்டா வேலை முடிஞ்சது.

ஹாக்கின்னதும் தன்ராஜ் பிள்ளையை நினைக்கிறவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இது ஐஸ் ஹாக்கி. என்.எச்.எல்.ல 32 அணி. அக்டோபர்ல ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் லீக் ஆட்டங்கள், அப்புறம் ப்ளேஆஃப், கடைசியில ஸ்டான்லி கோப்பை. ஃபேன்டஸின்னா, அந்த நிஜ ஆட்டக்காரங்களை நாம ஏலம் மாதிரி முறை வச்சு ஆளுக்குக் கொஞ்சம் பேரை எடுத்துக்கிறது. அவங்க நிஜ ஆட்டத்துல கோல் போட்டாலோ, கோலுக்கு உதவினாலோ (அதுக்குப் பேர் அசிஸ்ட்) நமக்கு ஒரு புள்ளி. வருஷக் கடைசியில யாருக்குப் புள்ளி அதிகமோ அவருக்குப் பணம். கனடாக்காரங்க இதுக்குச் சொல்ற பேரைத் தமிழ்ல எழுதினா அடிக்க வருவீங்க, அதனால லீக்குன்னே வச்சுக்குவோம் :-)

இதுல சண்டை வர்ற இடம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு ட்ரேடு, அதாவது உன் ஆளை எனக்குக் குடு, என் ஆளை உனக்குத் தர்றேன். இன்னொண்ணு ஐ.ஆர்., இஞ்சூர்டு ரிசர்வ். காயம்பட்ட ஆட்டக்காரரை அந்தத் தனி இடத்துல உட்கார வச்சுட்டு, அவருக்குப் பதிலா யாரும் எடுக்காத ஒரு ஆளைச் சேர்த்துக்கலாம். எல்லா லீக்லயும் இது ரெண்டுக்கும் தனித்தனியா விதி எழுதறாங்க. ஆனா ரெண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைங்க. ஐ.ஆர். விதி எப்படியோ அப்படித்தான் ட்ரேடோட விலை. இது புரியாம ஓட்டுப் போட்டா என்ன ஆகும்னு ஒரு கதை சொல்றேன்.

2015 அக்டோபர்ல கானர் மெக்டேவிட் எட்மன்டன் அணியில அறிமுகம் ஆனார். 18 வயசு, அந்த வருஷ டிராஃப்ட்ல முதல் ஆள். முதல் 13 ஆட்டத்துல 12 புள்ளி. நவம்பர் 3-ம் தேதி பிலடெல்பியாவுக்கு எதிரா ஆடும்போது பலகையில மோதிக் காறை எலும்பு முறிஞ்சது. மாசக்கணக்குல ஆட முடியாதுன்னு ஆயிடுச்சு.

அப்போ நான் வேலை பார்த்த இடத்துல 12 பேர் சேர்ந்த லீக். ஆளுக்கு 40 டாலர். ஆளுக்கு ரெண்டு ஐ.ஆர். இடம். மெக்டேவிட்டை வச்சிருந்தவர்கிட்ட ஏற்கனவே ரெண்டு பேர் காயத்துல கிடந்தாங்க, ரெண்டு இடமும் ஃபுல். மெக்டேவிட்டை வச்சுக்கிட்டா மூணு மாசம் ஒரு இடம் வெட்டியா கிடக்கும். அதனால விக்கப் பார்த்தார். வாங்க வந்தது திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருத்தன். கனடா வந்து ரெண்டு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. முதல் குளிர்காலத்துல ஆஃப்சைடுன்னா என்னன்னு கேட்டவன், ரெண்டாவது குளிர்காலத்துல எல்லா அணியோட பவர் ப்ளே ஆளுங்களையும் வரிசையா சொல்லுவான். அவன்கிட்ட ஐ.ஆர். இடம் ரெண்டும் காலி. காயம் எதுவும் இல்லாத, நிதானமா புள்ளி எடுக்கிற ஒரு சீனியர் ஆட்டக்காரரைக் குடுத்துட்டு மெக்டேவிட்டை வாங்கிக்கிட்டான்.

வித்தவருக்கும் நியாயமான காரணம் இருந்தது, வாங்கினவனுக்கும் இருந்தது. ஆனா எங்க லீக்ல நாலு பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டா ட்ரேடு செல்லாது. அஞ்சு பேர் போட்டாங்க. சொன்ன காரணம் என்ன தெரியுமா? "பாவம், அவனுக்கு இந்த ஆட்டம் தெரியாது, எலும்பு முறிஞ்ச ஆளைத் தலையில கட்டறாங்க, நாமதான் காப்பாத்தணும்." அந்த அஞ்சு பேர்ல ரெண்டு பேர் அப்போ முதல் இடத்துக்குப் போட்டி போட்டுக்கிட்டு இருந்தவங்க. நான் ரத்து பண்ணக் கூடாதுன்னுதான் வாதாடினேன், எடுபடலை.

இப்போ கணக்குப் பார்ப்போம். மெக்டேவிட் 37 ஆட்டம் வெளியே இருந்தார். 2016 பிப்ரவரி 2-ம் தேதி கொலம்பஸுக்கு எதிரா திரும்பி வந்த முதல் ஆட்டத்துலேயே ஒரு கோல், ரெண்டு அசிஸ்ட். மொத்தத்துல அந்த வருஷம் 45 ஆட்டம், 48 புள்ளி. அதாவது திரும்பி வந்த பிறகு 32 ஆட்டத்துல 36 புள்ளி.

பேச்சுக்கு, தம்பி குடுக்க இருந்த சீனியர் ஆட்டத்துக்கு 0.7 புள்ளி எடுப்பார்னு வைங்க. மிச்சம் இருந்த 69 ஆட்டத்துக்கு 48 புள்ளி. வெறும் மெக்டேவிட்டோட 36-ஐ மட்டும் பார்த்தா தம்பிக்கு நஷ்டம்தான், ஓட்டுப் போட்ட அஞ்சு பேரும் தர்மவான்கள்தான். ஆனா ஐ.ஆர். இருக்கே! அந்த 37 ஆட்டத்துக்கும் வெளியே சும்மா கிடக்கிற ஒரு ஆளை, ஆட்டத்துக்கு 0.4 எடுக்கிறவரைப் போட்டாக்கூட 15 புள்ளி. 36-ம் 15-ம் 51. ட்ரேடு லாபம்!

மெக்டேவிட் வந்து இப்படி வெளுத்து வாங்குவார்னு நவம்பர்ல யாருக்கும் தெரியாது, அது வேற விஷயம். தம்பிக்கும் தெரியாது. ஆனா அவன் எதை வச்சுப் பந்தயம் கட்டினான்கிறதுதான் முக்கியம். காலியா கிடந்த ஐ.ஆர். இடத்துக்கு ஒரு விலை இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தது. பத்து வருஷமா ஹாக்கி பார்க்கிறவங்க ஆட்டக்காரரை ஆட்டக்காரரோட ஒப்பிட்டாங்க. அவன் விதியையும் சேர்த்துப் படிச்சிருந்தான்.

அவன் சண்டை போடலை. "அண்ணே, தோத்துப் போற உரிமைகூட எனக்கு இல்லையா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டான். வருஷம் முழுக்க ஒழுங்கா ஆடினான், அடுத்த வருஷம் சேரலை. மத்தியானம் சாப்பிடும்போது எல்லாரும் ஹாக்கி பேசினா எழுந்து போயிடுவான். புது ஊர்ல நாலு பேரோட ஒட்டிக்கிறதுக்கு அவனுக்குக் கிடைச்ச ஒரே கயிறு அது. அதை "உன் நல்லதுக்குத்தான்"னு சொல்லி அறுத்துட்டாங்க.

என் கோபம் அந்த அஞ்சு பேர் மேல இல்லை, விதி மேல. ஓட்டுப் போடறவன் எல்லாம் அதே பந்தயத்துல ஓடறவன். எதிராளி அணி பலமாகிறதைத் தடுக்க ஒரு பட்டனைக் கையில குடுத்துட்டு, "நியாயமா அழுத்துப்பா"ன்னு சொன்னா எப்படி? நம்ம ஊர் மாட்டுச் சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. கயிறு மாத்தியாச்சுன்னா வியாபாரம் முடிஞ்சது. பக்கத்துல மாடு விக்க நிக்கிறவங்க கூடி நின்னு "இந்த விலை சரியில்லை"ன்னு கை தூக்கறதில்லை.

"சரி, அப்போ கமிஷனரே முடிவு பண்ணட்டும்"னு சிலபேர் சொல்வாங்க. (லீக்கை நடத்தறவருக்கு அதான் பேரு, போலீஸ் கமிஷனர் இல்லை.) அதுலயும் வில்லங்கம் இருக்கு. 2011 டிசம்பர்ல என்.பி.ஏ. கூடைப்பந்துல கிறிஸ் பாலை நியூ ஆர்லியன்ஸ்ல இருந்து லேக்கர்ஸுக்கு மாத்தற பேரம் முடிஞ்சது. கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் அதை நிறுத்திட்டார். அந்த நேரத்துல நியூ ஆர்லியன்ஸ் அணியோட சொந்தக்காரரே என்.பி.ஏ.தான். அணி முதலாளி இடத்துல இருந்து சொன்னாரா, நடுவர் இடத்துல இருந்து சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் ரசிகர்கள் அடிச்சுக்கறாங்க. நம்ம லீக்ல கமிஷனரும் ஒரு அணி வச்சிருப்பார். அப்போ அவருக்கும் அதே ரெட்டைத் தொப்பி.

"விதியை இவ்வளவு நுணுக்கமா படிச்சு லாபம் பார்க்கிறது அழுகுணி ஆட்டம் இல்லையா?"ன்னு ஒரு கேள்வி வரும். நிஜ என்.எச்.எல்.ஐயே பாருங்க. அங்கே ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. ஒருத்தர் குறைஞ்சது 24 நாளும் 10 ஆட்டமும் ஆட முடியாதுன்னா, அவரை நீண்டகாலக் காயப் பட்டியல்ல போட்டு, வரம்பைத் தாண்டிச் செலவு பண்ணலாம். ப்ளேஆஃப்ல அந்த வரம்பே கிடையாதுன்னு ரொம்ப வருஷம் இருந்தது. 2015-ல சிகாகோ பாட்ரிக் கேனை வச்சு, 2021-ல டாம்பா பே நிகிடா குச்செரோவை வச்சு, 2023-ல வேகஸ் மார்க் ஸ்டோனை வச்சு இதைப் பயன்படுத்திக் கோப்பையைத் தூக்கினாங்க. குச்செரோவ் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த வருஷத்து 56 லீக் ஆட்டத்துலயும் ஆடலை. ப்ளேஆஃப்ல வந்து 32 புள்ளி, எல்லாரையும்விட அதிகம். கொண்டாட்டத்துல "வரம்புக்கு மேல 1 கோடியே 80 லட்சம் டாலர்"ங்கிற அர்த்தத்துல வாசகம் எழுதின டி-ஷர்ட்டைப் போட்டுக்கிட்டு வெறுப்பேத்தினார் பாருங்க, அது தனிக் கதை :-)

மத்த அணிகள் கத்தினாங்க. ஆனா யாரும் ஓட்டுப் போட்டு அந்தக் கோப்பையைத் திருப்பிக் குடுன்னு கேட்கலை. ஓட்டை இருக்குன்னு ஒத்துக்கிட்டு விதியை மாத்தினாங்க. 2025-26 சீசன்ல இருந்து ப்ளேஆஃப்ல அன்னைக்கு ஆடற 20 பேரோட சம்பளமும் வரம்புக்குள்ள இருக்கணும். நடந்தது நடந்ததுதான், மாத்தறதை வரப்போறதுக்கு மாத்து. இவ்வளவுதான் நியாயம்.

அதுக்காக எந்த ட்ரேடையுமே தொடக் கூடாதுன்னு சொல்லலை. கூட்டுக் களவாணித்தனம்னு ஒண்ணு இருக்கு. கடைசி இடத்துல இருக்கிறவன், இனி தேறாதுன்னு தன் நல்ல ஆளையெல்லாம் சிநேகிதனுக்குத் தாரை வார்க்கிறது. "இந்த வாரம் உன் கோலியைக் கடன் குடு, அடுத்த வாரம் திருப்பித் தர்றேன்"ங்கிறது. ஜெயிச்சா பாதிப் பணம் உனக்குங்கிறது. இது திருட்டு, ரத்து பண்ணியே ஆகணும். மோசமான ட்ரேடு வேற, கள்ள ட்ரேடு வேற. முதல்ல சொன்னதுல ஒருத்தன் ஏமாறலாம், ரெண்டாவதுல மத்த பத்துப் பேரும் ஏமாறுவாங்க. ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா "இதுல உனக்கு என்ன லாபம்?"னு கேட்டாலே பெரும்பாலும் தெரிஞ்சிடும்.

ஐ.ஆர். பக்கம் வேற மாதிரித் தகராறு. என்.எச்.எல். அணிகள் காயத்தை வெளிப்படையா சொல்றதே இல்லை. "மேலுடம்புக் காயம்", "கீழுடம்புக் காயம்", அவ்வளவுதான். எங்கே வலிக்குதுன்னு தெரிஞ்சா எதிரணி அங்கேயே அடிப்பான்னு பயம். அதனால, "டிவியில மூணு வாரம் ஆகும்னு சொன்னாங்க, ஐ.ஆர்.ல போட விடு"ன்னு ஒருத்தர் கமிஷனரை நச்சரிப்பார். இன்னொருத்தர் ஆள் குணமாகி ஆட ஆரம்பிச்ச பிறகும் ஐ.ஆர்.லயே வச்சுக்கிட்டு, பதிலாளையும் விடாம ஆடுவார். இடம் ஒண்ணுகூட இல்லேன்னா யாருக்கு எலும்பு உடையலையோ அவன்தான் ஜெயிப்பான். அஞ்சாறு இடம் குடுத்தா ஐ.ஆர். குடோன் ஆயிடும், வெளியே எடுக்க நல்ல ஆளே மிஞ்ச மாட்டான்.

ஆக, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் சிபாரிசு:

1. ஓட்டெடுப்பு வேண்டவே வேண்டாம். களவாணித்தனத்துக்கு மட்டும்தான் ரத்து. அதையும் காரணத்தோட எல்லாருக்கும் எழுதிச் சொல்லணும். கமிஷனரே ட்ரேடுல ஒரு பக்கம்னா, இன்னொருத்தர் பார்க்கணும். அவர் யாருன்னு சீசனுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.

2. ட்ரேடுக்குக் கடைசித் தேதி கண்டிப்பா வேணும். என்.எச்.எல்.லயே மார்ச்ல நிறுத்திடறாங்க. தாரை வார்க்கிற வேலை முக்கால்வாசி கடைசி மாசத்துலதான் நடக்கும்.

3. ரெண்டு பேரும் சம்மதம்னு அழுத்தின நிமிஷத்தோட ட்ரேடு முடிஞ்சது. அன்னைக்கு ராத்திரி ஆட்டத்துல ஒருத்தன் முட்டியை உடைச்சுக்கிட்டா, வாங்கினவன் தலையெழுத்து. கயிறு மாத்தின பிறகு மாடு நொண்டினா?

4. ஐ.ஆர். இடம் ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு. நீங்க ஆடற தளத்துல அந்த ஆள் பேருக்குப் பக்கத்துல காயக் குறி இருந்தா போடலாம், இல்லேன்னா கிடையாது. டிவியும் ட்விட்டரும் செல்லாது.

5. குறி போயிடுச்சுன்னா ஆளை வெளியே எடுக்கணும். எடுக்கிற வரைக்கும் புது ஆளும் சேர்க்க முடியாது, ட்ரேடும் பண்ண முடியாது.

6. சீசன் நடுவுல எந்த விதியையும் தொடாதீங்க. ஓட்டை தெரிஞ்சா குறிச்சு வச்சுக்குங்க, கோடையில உட்கார்ந்து பேசி மாத்துங்க.

"40 டாலர் விளையாட்டுக்கு இவ்வளவு சட்டமா?"ன்னு சிரிக்கிறது கேட்குது. சின்னப் பணம்தான். ஆனா ஆறு மாசம், தினமும் ராத்திரி பார்க்கிற ஆட்டம், மறுநாள் அதே முகங்களோட வேலை. பணம் போனா அடுத்த வருஷம் எடுத்துக்கலாம். "உனக்கு ஒண்ணும் தெரியாது, தள்ளு"ன்னு நாலு பேர் ஓட்டுப் போட்டுச் சொன்னதை எந்த வருஷத்துல போய்த் திருப்பி எடுக்கிறது? புதுசா வர்றவன் தோக்கட்டும், ஏமாறட்டும், அடுத்த வருஷம் நம்மளை ஏமாத்தட்டும். அதுக்குத்தானே விளையாட்டு.

பி.கு.: உங்க லீக்ல வேற மாதிரி விதி இருந்து அது நல்லா வேலை செஞ்சா கண்டிப்பா சொல்லுங்க. முக்கியமா, ஓட்டெடுப்பு வச்சும் சண்டை வராத லீக் ஒண்ணு இருந்தா எனக்கு உடனே தெரிஞ்சாகணும். அப்படி ஒரு லீக்கை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.