கடை வாசலில் பெட்ரோல் பங்க் வேண்டுமா?

பிள்ளைகளே! பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் பெட்ரோல் பங்கும் வரப்போவதாகத் தெருவில் ஒரே பேச்சு. "நல்லதுதானே தாத்தா?" என்றான் என் பேரன். பெட்ரோல் தீர்ந்த வண்டியை அப்பாவோடு குறிஞ்சிப்பாடி வெயிலில் தள்ளியவன் ஆயிற்றே!

நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெட்ரோல் சும்மா இருக்கும்போதே ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழும். ஒரு பொறி பட்டால் போதும். பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. பங்கில் நின்று அந்த வாசனையை ஆசையாக இழுக்கிறீர்களே, அதை இன்றோடு விடுங்கள்.

புதிய பங்குகள் பள்ளி, குடியிருப்பு, பத்துப் படுக்கையாவது உள்ள மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் சொன்னது. இடநெருக்கடி என்றால் கூடுதல் பாதுகாப்போடு 30 மீட்டர் வரை வரலாம். என்னைக் கேட்டால், பள்ளிக்கு அந்தச் சலுகையே கூடாது.

கடைக்காரர் நமக்கு விரோதி இல்லை. அவருக்கும் பிழைப்பு வேண்டும். ஊருக்கு வெளியே சாலையோரம் வைக்கட்டும், நானே முதலில் போய்ப் பெட்ரோல் போடுவேன். பங்குக்கு மாவட்ட ஆட்சியரின் தடையின்மைச் சான்று தேவை. எங்களுக்கு அது கடலூர். சான்று தருவதற்கு முன்பே பெரியவர்கள் மனுக் கொடுக்க வேண்டும். தொட்டி புதைத்த பிறகு கூச்சல் போட்டு என்ன பயன்?

நேற்றுப் பேரன் பள்ளி வாசலிலிருந்து கடைவரை எட்டு வைத்து அளந்தான். 70 எட்டு. அவனுடைய எட்டு அரை மீட்டர். கணக்கை நீங்களே போடுங்கள்.