சிகிச்சையா, சோதனையா?

நோயாளி நம்புவது வைத்தியரை. அவ்வைத்தியரே ஆய்வாளராகவும் இருப்பின், அந்நம்பிக்கை யாருக்குப் பயன்படுகிறது?

அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுற்ற 399 கறுப்பின ஆண்களுக்கு 'கெட்ட இரத்தத்திற்கு' இலவச சிகிச்சை எனக் கூறப்பட்டது. உண்மையில் அவதானிக்கப்பட்டதோ நோயின் போக்கு மட்டுமே. 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் அந்நோய்க்குரிய மருந்தாக நிலைபெற்ற பின்னரும், அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. உண்மை அம்பலமான பின்னரே ஆய்வு நின்றது.

உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஏற்று, பின்னர் பலமுறை திருத்திய ஹெல்சிங்கிப் பிரகடனம், ஆய்விற் சேர மறுப்பதோ இடையில் விலகுவதோ வைத்தியர்-நோயாளி உறவைப் பாதிக்கலாகாது என்கிறது.

அந்நிய மொழிப் படிவத்தில் ஒப்பமிடும் எம்மவர் இதனை மனதிற் கொள்ளல் வேண்டும். விளங்காமல் இட்ட ஒப்பம் சம்மதமாகாது. விளங்கவைப்பது ஆய்வாளரின் கடமை. விளங்கும்வரை ஒப்பமிடாதிருப்பது எமது உரிமை.