பெட்டியை இறக்குமுன்

“கியர் சரியாக விழவில்லையா? கியர்பாக்ஸ் முடிந்தது. மாற்றிவிடுங்கள்.”

அமெரிக்காவில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் இந்த வாசகத்தை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்டிருப்பார்கள். பட்டறை வாசலில் பலகையாகத் தொங்கும். பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து அறிவுரையாக வரும். டெக்சாஸில் நான் இருக்கும் வட்டாரத்தில் பல வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. புதுப்பித்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றை மாட்ட, கூலியோடு பல ஆயிரம் டாலர் ஆகும். பழைய பிக்கப்பை வைத்துத் தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து பிழைக்கிறவருக்கு அது வண்டியின் விலையையே தாண்டும். அவ்வளவு பணம் கேட்கிறவர், கோளாறு எங்கே என்று காட்டிவிட்டுக் கேட்க வேண்டாமா?

கியர் மாறுவதில் தகராறு என்றால் பெட்டியின் உள்ளுறுப்புகள் தேய்ந்துவிட்டன என்பது ‘மாற்றிவிடுங்கள்’ என்பவர்களின் முதல் வாதம். இதைப் பொய்யாக்க ஷெவர்லே சில்வராடோவின் பழைய கியர்பாக்ஸ் ஒன்றே போதும். ஜெனரல் மோட்டார்ஸ் 1993 முதல் பிக்கப்புகளில் பொருத்திய 4எல்60-இ அது. நான்கு கியர் கொண்ட அந்தப் பெட்டியில் எந்தக் கியர் என்பதை முடிவு செய்வது ஷிஃப்ட் சோலனாய்டு என்கிற இரண்டே இரண்டு மின்வால்வுகள். இரண்டுக்கும் மின்சாரம் வந்தால் முதல் கியர். முதலாவதை மட்டும் அணைத்தால் இரண்டாம் கியர். இரண்டும் அணைந்தால் மூன்றாவது. முதலாவது மட்டும் உயிரோடு இருந்தால் நான்காவது. அப்படியானால் மின்சாரமே வராமல் போனால் என்ன ஆகும்? வண்டி மூன்றாம் கியரிலேயே ஓடும். நடுவழியில் விட்டுவிடாமல் வீடு வந்து சேரட்டும் என்று வடிவமைத்தவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

இதை ஓட்டுகிறவர் எப்படி உணர்வார் என்று பாருங்கள். முதல் கியரின் விகிதம் 3.06, மூன்றாவதன் விகிதம் 1.00. மூன்றாவதில் வண்டியைக் கிளப்பினால் கியர் வழியாகச் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவை மூன்றில் ஒரு பங்குதான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறும், வண்டி ஊரும். சிக்னலில் நின்று கிளம்புவதற்குள் பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்துவிடுவார். மின்கோளாறை உணர்ந்த கம்ப்யூட்டர், கிளட்ச் கருகாமல் இருக்கட்டும் என்று ஆயில் அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிவிடும்; அதனால் ரிவர்ஸ் போட்டால் வண்டி உதைக்கும். இழுக்கவில்லை, அலறுகிறது, உதைக்கிறது, கியர் மாறவில்லை. நான்கையும் ஒன்றாகச் சொன்னால் எந்தப் பட்டறையிலும் “பெட்டி போச்சு” என்பார்கள். காரணம் எரிந்துபோன ஒரு ஃபியூஸாக இருக்கலாம். பெட்டியின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் வயரிங் பிளக் தளர்ந்திருக்கலாம். சேசிஸில் உரசி உரசி ஒயரின் தோல் கிழிந்திருக்கலாம். இவற்றில் எதற்கும் கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை.

சரி, உள்ளே உண்மையாகவே ஏதோ போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எந்தெந்தக் கியர் இருக்கிறது, எது இல்லை என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். மூன்றும் நான்கும் இல்லை, மற்றவை நன்றாக இருக்கின்றன என்றால், சந்தேகம் அந்த இரண்டு கியருக்கும் பொதுவான கிளட்ச் பேக் மேல். இரண்டும் நான்கும் இல்லை, ரிவர்ஸ் இருக்கிறது என்றால், பேண்ட் அல்லது அதை இறுக்கும் சர்வோ. இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் சேர்ந்து போயிருந்தால், சன் ஷெல் என்கிற உலோகக் கூடு உடைந்திருக்கவோ அதன் பற்கள் அறுந்திருக்கவோ வாய்ப்பு அதிகம். வண்டியை ஒரு தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் இவ்வளவும் தெரிந்துவிடும். அந்த ஒரு சுற்றுகூட ஓட்டாமல் விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

“லட்சம் மைல் தாண்டிய வண்டி, வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?” என்பார்கள். மைல் மீட்டர் ஒரு பரிசோதனை அல்ல.

“ஸ்கேனரே சொல்லிவிட்டது” என்பது அடுத்தது. பெரும்பாலும் அந்த ஸ்கேனர் காட்டுவது பி0700. கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது, உள்ளே போய்ப் பார் என்பதற்கு மேல் அந்தக் கோடில் ஒன்றுமில்லை. உண்மையான கோடு கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரில் இருக்கும். அதைப் படிக்காதவரிடம் ஸ்கேனர் இருந்தும் பயனில்லை.

கம்ப்யூட்டர் என்றதும் ஃபோர்டு எஃப்-150 நினைவுக்கு வருகிறது. 2011 முதல் 2013 வரையிலான மாடல்களில் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் கொண்ட வண்டிகளுக்கு, வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று முதல் கியருக்கு இறங்கும் அபாயம் இருந்தது. ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு, பெட்டி உள்ளே சிதறிவிட்டது என்றுதான் தோன்றும். 2019-இல் ஃபோர்டு வட அமெரிக்காவில் சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம், கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டின் சுழற்சி வேகத்தை அளக்கும் சென்சாரின் சிக்னல் விட்டு விட்டு வந்தது. அறிவித்த தீர்வு கம்ப்யூட்டரின் மென்பொருளைப் புதுப்பிப்பது. கியர்பாக்ஸ்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பெட்டியை மாற்று என்று பலகை மாட்டியிருப்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

மணிக்கு எழுபது, எண்பது கிலோமீட்டரில் மிதமாக மிதித்துப் போகும்போது வரும் நடுக்கத்தையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அது டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் நடுங்குவதாகவும் இருக்கலாம், இன்ஜினில் ஒரு சிலிண்டர் மிஸ் ஆவதாகவும் இருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை எடுக்காமல், பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பெடலைத் தொடுங்கள். லாக்-அப் விட்டுவிடும். நடுக்கம் உடனே நின்றால் கன்வெர்ட்டர் பக்கம் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் முதலில் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பாருங்கள்.

பழைய ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்ற பயமுறுத்தல் ஒன்றும் உண்டு. கிளட்ச் கருகி வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு ஆயில் ஞாபகம் வருகிறது. மாற்றிய சில வாரத்தில் பெட்டி நின்றுபோகும். பழி புது ஆயில் மேல் விழும். கிளட்ச் துகள் மிதக்கும் ஆயில் வால்வுகளின் துளைகளைத் தேய்க்கிறது, சோலனாய்டை அடைக்கிறது என்பதை அப்போது யாரும் பேசுவதில்லை.

கடைசியாக, “கோளாறைத் தேடும் செலவில் புதுசே மாட்டிவிடலாம்” என்கிறார்கள். டிப்-ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவும் மணமும் பார்க்க என்ன செலவு? அடியில் உள்ள ஆயில் தட்டைக் கழற்றி அதிலுள்ள காந்தத்தைப் பார்க்க ஒரு கேஸ்கெட்டும் ஃபில்டரும் புது ஆயிலும் போதும். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது இயல்பு. உலோகச் செதில்களும் கருப்புக் கிளட்ச் துண்டுகளும் கிடந்தால், அப்போது பெட்டியை இறக்குங்கள். நான் தடுக்கமாட்டேன்.

தேடாமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2005 முதல் 2010 வரையிலான நிசான் ஃபிரான்டியர் சாட்சி. அதில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கூலர் உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் ஆயிலோடு கலந்துவிடும்; டிப்-ஸ்டிக்கில் ரோஸ்மில்க் மாதிரி வரும். தண்ணீர் கலந்ததும் கிளட்ச் தகடுகளின் பசை விட்டுப்போகும், வண்டி உதறும், கியர் வழுக்கும். இங்கே பெட்டி உண்மையாகவே கெட்டிருக்கிறது. ஆனால் அதைக் கெடுத்தது ரேடியேட்டர். ரேடியேட்டரை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றினால், புதுப் பெட்டியும் அதே கூலன்டைக் குடித்துச் சாகும். புதுப்பித்த கியர்பாக்ஸ் விற்கும் நிறுவனங்களுக்கு இது நன்றாகவே தெரியும். கூலரை மாற்றியதற்கோ கழுவியதற்கோ ரசீது காட்டாவிட்டால் வாரன்டி செல்லாது என்று அவற்றில் பல நிபந்தனை போடுகின்றன.